யாடியேர் மொலினா: ஒரு கேட்சரின் 19 ஆண்டுகள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பேஸ்பால் பார்க்கத் தொடங்கும் நம் ஆட்கள் பெரும்பாலும் பந்து வீசுபவரையும் அடிப்பவரையும்தான் கவனிக்கிறார்கள். அடிப்பவருக்குப் பின்னால் முகமூடி போட்டுக் குந்தியிருக்கும் ஆள் கண்ணில் படுவதே இல்லை. அந்த ஆளைப் பற்றித்தான் இந்தப் பக்கம். பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் மனதில் நிற்காது என்பதால், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் யாடியேர் மொலினாவை வைத்தே எல்லாவற்றையும் சொல்கிறேன்.

கேட்சர் என்றால் நம்ம விக்கெட் கீப்பர் மாதிரிதானே?

நிற்கும் இடம் அதேதான். வேலை வேறு. கிரிக்கெட்டில் என்ன பந்து போடுவது என்பதை பந்து வீசுபவரும் கேப்டனும் முடிவு செய்வார்கள்; கீப்பர் வந்ததைப் பிடிப்பார். பேஸ்பாலில் பெரும்பாலும் கேட்சர்தான் பந்தைக் கேட்கிறார். எந்த வகைப் பந்து, எந்தப் பக்கம், எந்த உயரம் என்று அவர் சைகை காட்ட, பிட்சர் (பந்து வீசுபவர்) தலையாட்டிவிட்டு வீசுவார். பிடிக்கவில்லை என்றால் மறுப்பாகத் தலையசைப்பார். கேட்சர் வேறொன்றைக் காட்டுவார்.

மற்ற எட்டுப் பேரும் ஹோம் பிளேட்டைப் (அடிப்பவர் நிற்கும் இடம்; அங்கிருந்து மூன்று பேஸ்களையும் சுற்றி ஓடி அங்கேயே திரும்பினால் ஒரு ரன்) பார்த்து நிற்க, கேட்சர் ஒருவர்தான் மைதானம் முழுவதையும் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். ஃபீல்டர்களைத் தள்ளி நிற்கச் சொல்வது, ஓடக் காத்திருப்பவர் மேல் ஒரு கண் வைப்பது, அம்பயரின் அன்றைய மனநிலையைக் கணிப்பது எல்லாம் அவர் தலையில்தான். ஓர் ஆட்டத்தில் 140, 150 தடவை குந்தி எழ வேண்டும். சீசனுக்கு ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள்.

எத்தனையோ கேட்சர்கள் இருக்க, மொலினா ஏன்?

அதிகம் அடித்த கேட்சர் வேண்டும் என்றால் மைக் பியாசாவைச் சொல்லலாம். எல்லாம் சேர்ந்தவர் என்றால் ஜானி பெஞ்ச். ஆனால் கேட்சரின் வேலை மட்டும் எப்படி இருக்கும், அதற்கு என்ன மதிப்பு என்று புரிய வேண்டுமானால் மொலினாவைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரியவில்லை. 2004 முதல் 2022 வரை ஒரே அணி. கேட்சராக மட்டும் 2,184 ஆட்டங்கள். ஒரே அணிக்காக இத்தனை ஆட்டங்களில் கேட்சராக இருந்தவர் வேறு யாரும் இல்லை. அமெரிக்காவின் உச்ச லீக்கான மேஜர் லீக்கின் இறுதித் தொடர் வேர்ல்டு சீரிஸ்; அதில் இரண்டு வெற்றிகள் (2006, 2011), சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்டு க்ளவ் விருது ஒன்பது முறை, சீசனின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வு பத்து முறை.

மூன்று அண்ணன் தம்பிகளும் கேட்சர்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. மூத்தவர் பெஞ்சி, அடுத்தவர் ஹோசே, கடைக்குட்டி யாடியேர். மூவரும் மேஜர் லீக்கில் கேட்சர்கள், மூவரும் வேர்ல்டு சீரிஸ் மோதிரம் வாங்கியவர்கள். பெஞ்சியும் ஹோசேயும் 2002-இல் ஏஞ்சல்ஸ் அணியில் சேர்ந்தே வென்றார்கள். 2010-இல் பெஞ்சிக்கு நடந்தது இன்னும் சுவையானது: சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணி, பஸ்டர் போசி என்ற இளைஞருக்கு இடம் விட வேண்டி, சீசன் நடுவில் அவரை டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்கு மாற்றிவிட்டது. கடைசியில் அந்த இரண்டு அணிகளுமே வேர்ல்டு சீரிஸில் மோதின.

இவர்களை உருவாக்கியது அப்பா, பெஞ்சமின் மொலினா. போர்ட்டோ ரிக்கோவில் தொழிற்சாலை வேலை பார்த்துக்கொண்டே அமெச்சூர் லீக்கில் பல வருடம் இரண்டாவது பேஸ் ஆடியவர். வேலை முடிந்து வந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு எதிரே இருந்த மைதானத்துக்குப் போய்விடுவார். தன் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர்தான் பயிற்சியாளர். 2008 அக்டோபரில் அதே மைதானத்தில் மாரடைப்பு வந்து விழுந்தார். அப்போது அவர் சட்டைப்பையிலும் கால்சட்டைப் பையிலும் இருந்தவை ஒரு லாட்டரிச் சீட்டு, ஒரு அளவு டேப், சிறுவர் பேஸ்பால் விதிப்புத்தகம் என்று பெஞ்சி பிறகு எழுதினார். கோடு போட்டு, தூரம் அளந்து, விதி சொல்லிக்கொடுத்த ஒரு மனிதரின் வாழ்க்கை மொத்தமும் அந்த மூன்று பொருள்களில் இருக்கிறது.

பெரிய லீக்குக்கு எப்படி வந்தார்?

போர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவின் ஆளுகைக்கு உட்பட்ட தீவு என்பதால், அங்குள்ள பையன்களும் அமெரிக்கப் பையன்களைப் போலவே டிராஃப்ட் (அணிகள் முறைவைத்துப் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு) வழியாகத்தான் வர வேண்டும். மொலினாவை 2000-ஆம் ஆண்டு நான்காவது சுற்றில் கார்டினல்ஸ் எடுத்தது. கீழ்நிலை லீக்குகளான மைனர் லீக்குகளில் நாலு வருடம். 2004 ஜூனில் முதல் கேட்சர் மைக் மாத்தெனி காயமடைய, 21 வயதுப் பையனுக்கு வாய்ப்பு வந்தது. அந்த சீசன் முடிந்து மாத்தெனி வேறு அணிக்குப் போனார். இடம் மொலினாவுக்கு நிரந்தரமானது. அதே மாத்தெனி 2012-இல் கார்டினல்ஸின் மேனேஜராக (தலைமைப் பயிற்சியாளர்) திரும்பி வந்து ஆறு வருடத்துக்கு மேல் மொலினாவை ஆட வைத்தார்.

2006-இல் அவர் அடித்த அந்த ஹோம் ரன் பற்றிச் சொல்ல முடியுமா?

2006 அக்டோபர் 19, நியூயார்க் ஷே ஸ்டேடியம். நேஷனல் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். மெட்ஸ் அணியும் கார்டினல்ஸும் ஆளுக்கு மூன்று வெற்றி. வென்றவர் வேர்ல்டு சீரிஸுக்குப் போவார். ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் இரண்டு அணிகளும் ஒரு தடவை அடிக்கும். ஆறாவது இன்னிங்ஸில் கார்டினல்ஸின் ஸ்காட் ரோலன் அடித்த பந்து ஹோம் ரன், அதாவது சுவரைத் தாண்டிவிடும் என்று எல்லோரும் நினைத்தபோது, மெட்ஸ் ஃபீல்டர் எண்டி சாவேஸ் சுவருக்கு மேலே கையை நீட்டிப் பிடித்துவிட்டார். ஸ்கோர் 1-1.

ஒன்பதாவது இன்னிங்ஸில் மொலினா பேட் பிடிக்க வருகிறார். அந்த சீசன் முழுக்க அவர் சராசரி .216, அதாவது பத்து வாய்ப்பில் இரண்டு சொச்சம் தடவைதான் அடித்துப் பேஸை எட்டினார். அடியாட்டத்தை மட்டும் பார்த்தால் அணியில் இருக்கவே தகுதி இல்லை என்று சொல்லக்கூடிய எண். ஆரன் ஹைல்மன் வீசிய பந்தை இடதுபுறச் சுவரைத் தாண்டி அடித்தார். பேஸில் ஏற்கெனவே ஒருவர் இருந்ததால் இரண்டு ரன். 3-1.

எல்லோரும் இந்த ஹோம் ரன்னைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த அரை இன்னிங்ஸ். மெட்ஸ் கடைசி வாய்ப்பில் மூன்று பேஸ்களையும் நிரப்பிவிட்டது. இரண்டு அவுட். அடிக்க வந்தவர் கார்லோஸ் பெல்ட்ரான், போர்ட்டோ ரிக்கோக்காரர்தான், அந்த சீசனில் 41 ஹோம் ரன். வீசுபவர் ஆடம் வெயின்ரைட் என்ற புதுமுகம். மொலினா பிட்சர் நிற்கும் மேட்டுக்கு நடந்து போய்ப் பேசிவிட்டு வந்தார். முதலில் வேகம் குறைந்த சேஞ்சப், ஸ்டிரைக் (மூன்று ஸ்டிரைக் ஆனால் அவுட்). இரண்டாவது கர்வ் (வளைந்து கீழே விழும் பந்து), பெல்ட்ரான் எல்லைக்கு வெளியே தட்டிவிட்டார், இரண்டு ஸ்டிரைக். மூன்றாவதாக மறுபடியும் கர்வ். தோள் உயரத்தில் வந்து முழங்கால் வரை விழுந்த அந்தப் பந்தை பெல்ட்ரான் அசையாமல் பார்த்துக்கொண்டே நின்றார். ஆட்டம் முடிந்தது.

பேஸ்கள் நிரம்பியிருக்கும்போது ஒரு புதுமுகத்திடம் நேராகத் தரையை நோக்கி விழும் பந்தைக் கேட்பது சாதாரண விஷயமில்லை. அது தரையில் பட்டுத் தாண்டிப் போனால் ஒரு ரன். எங்கே விழுந்தாலும் தடுத்துவிடுவேன் என்ற உறுதி கேட்சருக்கும், தடுத்துவிடுவார் என்ற நம்பிக்கை பிட்சருக்கும் இருந்தால்தான் அந்தப் பந்து கையைவிட்டு வரும். அந்த ஆட்டத்தை ஜெயித்துத் தந்தது இந்த நம்பிக்கை என்பேன். அடுத்து வேர்ல்டு சீரிஸில் டெட்ராய்ட் டைகர்ஸை 4-1 என்று வென்றார்கள்.

"ஸ்டீல்" என்கிறார்களே, அதைக் கேட்சர் எப்படித் தடுக்கிறார்?

முதல் பேஸில் நிற்பவர், பிட்சர் வீசும் நேரம் பார்த்து இரண்டாவது பேஸுக்கு ஓடுவதுதான் ஸ்டீல். கணக்கு இப்படி: பிட்சர் கையசைக்கத் தொடங்கி பந்து கேட்சரிடம் வர ஏறத்தாழ 1.3 விநாடி. கேட்சர் பிடித்து, எழுந்து, 127 அடி தள்ளியிருக்கும் இரண்டாவது பேஸுக்கு எறிய ஏறத்தாழ 2 விநாடி. ஓடுபவருக்குத் தேவைப்படுவதும் கிட்டத்தட்ட இதே நேரம்தான். ஆக, எல்லாம் பத்தில் ஒரு விநாடியில் தீர்மானமாகிறது. தோள் பலம் பாதி. பந்தை மிட்டிலிருந்து (கேட்சரின் தடித்த கையுறை) வெறுங்கைக்கு மாற்றும் வேகம் மீதிப் பாதி.

மற்றவர்கள் ஏறத்தாழ நாலில் ஒருவரைப் பிடிப்பார்கள். மொலினா தன் மொத்த வாழ்க்கையில் பிடித்தது 40 சதவீதம். 2005-இல் அது 64 சதவீதம். அந்த வருடம் அவர் இருந்த ஆட்டங்களில் ஓடிப் பார்த்தது மொத்தமே 39 பேர். சில கேட்சர்களிடம் ஒரு சீசனில் நூறு தடவைக்கு மேல் ஓடுவதுண்டு. அதாவது, பயந்து ஓடாமல் நின்றுவிட்டவர்கள்தான் அவருடைய பெரிய சாதனை. ஸ்கோர்கார்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

இன்னொன்றும் செய்வார். முதல் பேஸில் இருப்பவர் கொஞ்சம் அதிகமாக விலகி நின்றால், முழங்காலில் இருந்தபடியே அங்கே சுண்டி எறிந்து அவுட் ஆக்கிவிடுவார்.

ஃபிரேமிங் என்பது அம்பயரை ஏமாற்றுவதா?

அப்படிச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஹோம் பிளேட்டுக்கு மேலே, அடிப்பவரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட பகுதிதான் ஸ்டிரைக் எல்லை. அதன் ஓரத்தில் வரும் பந்தை, மிட் வெளியே இழுபடாமல் அமைதியாகப் பிடித்தால் அம்பயருக்கு அது ஸ்டிரைக்காகத் தெரியும். இதுதான் ஃபிரேமிங். கை தடுமாறினால் நல்ல ஸ்டிரைக்கே "பால்" (எல்லைக்கு வெளியே போன பந்து) என்ற தீர்ப்பாகிவிடும். தன் பிட்சர் சரியாகப் போட்டதைக் கெடுக்காமல் பிடிப்பதும் இதில் அடக்கம்.

இந்தத் திறமை இருக்கிறது என்று பழைய ஆட்கள் எப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். மைதானங்களில் கேமரா வைத்து ஒவ்வொரு பந்தின் பாதையையும் 2000-களின் கடைசியில் அளக்கத் தொடங்கிய பிறகுதான் எண்ணிக் காட்ட முடிந்தது. அப்படிப் பார்த்தபோது மிகச் சிறந்தவர்களில் ஒருவராக வெளிவந்தவர் யாடியேரின் அண்ணன் ஹோசே. மெதுவாக ஓடுவார், பெரிதாக அடிக்க மாட்டார். ஆனாலும் டாம்பா பே ரேஸ் அணி அவரை விரும்பி வாங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

2026 முதல் மேஜர் லீக்கில் அம்பயரின் ஸ்டிரைக் தீர்ப்பை எதிர்த்து இயந்திரத்திடம் முறையிடலாம். ஓர் அணிக்கு இரண்டு வாய்ப்பு. முறையீடு சரியாக இருந்தால் வாய்ப்பு குறையாது. கேட்க உரிமை உள்ளவர்கள் அடிப்பவர், பிட்சர், கேட்சர் மூவர் மட்டும். ஃபிரேமிங்கின் மதிப்பு கொஞ்சம் குறையும். எப்போது முறையிடுவது என்று கணிக்கத் தெரிந்த கேட்சரின் மதிப்பு கூடும்.

இத்தனை வருடம் குந்தினால் முழங்கால் என்ன ஆகும்?

தேய்ந்துதான் போகும். ஆனால் மொலினாவை அதிகம் படுத்தியது கைவிரல்கள். கட்டைவிரல் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சைகள், மாதக்கணக்கில் ஓய்வு என்று 2014, 2015 இரண்டு வருடமும் போனது. மோசமானது 2018 மே மாதம். சிகாகோ கப்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் ஜோர்டன் ஹிக்ஸ் வீசிய, மணிக்கு 102 மைல் (சுமார் 164 கிலோமீட்டர்) வேகப் பந்து, பேட்டின் ஓரத்தில் உரசித் திரும்பி அவருடைய கவட்டில் பட்டது. அன்றிரவே அவசர அறுவை சிகிச்சை. ஒரு மாதத்தில் திரும்பி வந்து அந்த வருடமே ஒன்பதாவது கோல்டு க்ளவ் வாங்கினார், 36 வயதில்.

கவசம் போட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள் என்று கேட்கலாம். கவசம் உயிரைக் காக்கும், வலியைத் தடுக்காது. முன்பெல்லாம் இன்னொரு ஆபத்தும் இருந்தது: ஹோம் பிளேட்டுக்கு ஓடி வருபவர் கேட்சர் மேல் முழு வேகத்தில் மோதலாம். 2011 மே மாதம் அப்படி ஒரு மோதலில் பஸ்டர் போசியின் கால் உடைந்தது. அந்த விபத்துக்குப் பிறகு எழுந்த விவாதத்தில்தான் 2014-இல் விதியை மாற்றினார்கள். வெகு நாள் முன்பே செய்திருக்க வேண்டிய மாற்றம்.

அவர் அடியாட்டம் கடைசி வரை சுமார்தானா?

இல்லை, அது உழைத்துச் சம்பாதித்தது. 2012-இல் சராசரி .315, 22 ஹோம் ரன். 2013-இல் .319. அந்த இரண்டு வருடமும் லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் வாக்கெடுப்பில் நாலாவது, மூன்றாவது இடம். மொத்த வாழ்க்கையில் 2,168 ஹிட் (அடித்துப் பேஸை எட்டியவை), 176 ஹோம் ரன், சராசரி .277. கேட்சருக்கு நல்ல எண்கள். பிரமாதம் என்று சொல்ல மாட்டேன்.

சம்பளம்?

2012-இல் ஐந்து வருடத்துக்கு 7.5 கோடி டாலர், 2017-இல் மூன்று வருடத்துக்கு 6 கோடி டாலர் என்று ஒப்பந்தங்கள். இது உச்சத்தில் இருப்பவரின் கதை. மைனர் லீக்கிலேயே முட்டி தேய்ந்து வீட்டுக்குப் போகும் கேட்சர்கள்தான் அதிகம்.

வெயின்ரைட்டோடு சேர்ந்து என்ன சாதனை?

ஒரே பிட்சரும் ஒரே கேட்சரும் சேர்ந்து ஆட்டத்தைத் தொடங்குவதில் டெட்ராய்ட்டின் மிக்கி லோலிச், பில் ஃப்ரீஹன் ஜோடியின் 324 ஆட்டம் என்ற சாதனை 1975 முதல் அசையாமல் இருந்தது. 2022 செப்டம்பர் 14 அன்று மில்வாக்கிக்கு எதிராக மொலினாவும் வெயின்ரைட்டும் 325-ஆவது ஆட்டத்தைத் தொடங்கினார்கள். 328-இல் முடித்தார்கள். ஆட்டக்காரர்கள் அடிக்கடி அணி மாறும் இந்தக் காலத்தில் இதை இனி ஒரு ஜோடி தொடும் என்று நான் நினைக்கவில்லை. இருவரும் காயம்படாமல், விற்கப்படாமல், ஒருவரையொருவர் சலிக்காமல் பதினைந்து வருடம் கடக்க வேண்டுமே.

அவர் ஓய்வு பெற்ற பிறகு அணி என்ன ஆனது?

கேட்சரின் மதிப்பு தெரிய வேண்டுமானால் 2023-ஐப் பாருங்கள். மொலினாவின் இடத்துக்கு, நன்றாக அடிக்கும் கேட்சர் வில்சன் கொன்ட்ரேராஸை ஐந்து வருடத்துக்கு 8.75 கோடி டாலர் கொடுத்துக் கொண்டுவந்தார்கள். பிட்சர்கள் திணறினார்கள். சீசன் தொடங்கி ஆறு வாரத்துக்குள் அவரைக் கேட்சர் வேலையிலிருந்து சில நாள் எடுத்துவிட்டார்கள். எடுத்த விதம் அவருக்குச் செய்த அநியாயம் என்பது என் கருத்து. 19 வருடம் ஒருவர் மட்டுமே வைத்திருந்த அறிவை அந்த சீசனுக்குத்தான் வந்தவரிடம் மே மாதத்திலேயே கேட்டால் எப்படி? 41 வயது வெயின்ரைட் அந்த வருடம் 5 வெற்றி, 11 தோல்வி. அணி 71 வெற்றி, 91 தோல்வியோடு பிரிவில் கடைசி. முந்தைய வருடம் அதே பிரிவில் முதலிடம்.

எல்லாப் பழியும் ஒரு கேட்சர் போனதில் இல்லை, பிட்சர்களுக்கும் வயதாகியிருந்தது. ஆனாலும் ஒரு வருட இடைவெளியில் இவ்வளவு சரிந்ததில் அவருக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது.

சொந்த ஊருக்கு என்ன செய்தார்?

உலக பேஸ்பால் கிளாசிக் போட்டியில் போர்ட்டோ ரிக்கோவுக்காக ஆடி 2013, 2017 இரண்டு முறையும் இறுதி ஆட்டம் வரை போனார். 2023-இல் அந்த அணியின் மேனேஜர். 2017 செப்டம்பரில் மரியா புயல் தீவையே புரட்டிப் போட்டபோது நிவாரண வேலையில் இறங்கினார். அதற்காக 2018-இல் ரொபெர்ட்டோ கிளெமென்டே விருது கிடைத்தது. கிளெமென்டேயும் போர்ட்டோ ரிக்கோக்காரர். 1972 டிசம்பர் 31 அன்று நிகராகுவா நிலநடுக்கத்துக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் விழுந்து இறந்தவர். அந்தத் தீவில் வளர்ந்த ஒருவருக்கு அவர் பெயரிலான விருது எவ்வளவு பெரியது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைக்குமா?

ஓய்வு பெற்று ஐந்து வருடம் கழிய வேண்டும் என்பதால் 2028-க்கான வாக்கெடுப்பில்தான் அவர் பெயர் வரும். எதிர்ப்பவர்களின் வாதம் நேரானது: அடியாட்டம் சராசரிக்குச் சற்றுக் கீழே. ஆட்டக்காரரின் மொத்த மதிப்பை ஒரே எண்ணாகச் சொல்லும் கணக்கு ஒன்று இருக்கிறது. அதில் ஃபிரேமிங்கைச் சேர்க்காத தளம் அவருக்கு 42 அளவில் தருகிறது. சேர்க்கும் தளம் 50-க்கு மேல். ஒரே ஆளுக்கு, அதே ஆட்டங்களுக்கு, இவ்வளவு வித்தியாசம். கேட்சரின் வேலையை அளக்கும் முறை இன்னும் முடிவாகவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம். என் வாக்கு இருந்தால் முதல் வருடமே அவருக்குத்தான். பந்தைக் கேட்டு வாங்குவதும் பிட்சரைத் தாங்கிப் பிடிப்பதும் ஆட்டத்தின் பாதி என்றால், அந்தப் பாதியில் அவர் காலத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

புதிதாகப் பார்க்கிறேன். கேட்சரை எப்படிக் கவனிப்பது?

ஒரு இன்னிங்ஸுக்கு பந்தைப் பார்க்காதீர்கள், மிட்டைப் பாருங்கள். பிட்சர் வீசும் முன் மிட் எங்கே நிற்கிறது, பந்து வந்தபோது எவ்வளவு நகர்ந்தது என்று மட்டும். அப்புறம், இரண்டாவது பேஸில் ஆள் இருக்கும்போது கேட்சர் காட்டும் சைகை மாறும். எதிரணி ஆள் அங்கிருந்தே பார்த்துவிடுவார் என்பதால் பல விரல்களை வரிசையாகக் காட்டி, அதில் ஒன்று மட்டும் உண்மை என்று வைத்துக்கொள்வார்கள். 2022 முதல் பொத்தானை அழுத்தினால் பிட்சரின் தொப்பிக்குள் குரல் கேட்கும் கருவி வந்துவிட்டதால் விரல் சைகை இப்போது அபூர்வம். பழைய ஆட்டங்களின் பதிவுகளில் நிறையக் கிடைக்கும். பெல்ட்ரானுக்கு வெயின்ரைட் வீசிய அந்த மூன்று பந்துகளிலிருந்து தொடங்குங்கள். இந்த முறை மொலினாவின் மிட்டை மட்டும் பாருங்கள்.